தோம்பு முதல் மேகம் வரை

எழுவைதீவைப் பிறப்பிடமாகக் கொண்டு, இப்போது கனடாவில் சிறிய பலசரக்குக் கடை நடத்தி வரும் வாசகர் ஒருவர் அண்மையில் எனக்கு எழுதியிருந்தார். கடையின் வரவு செலவு, சரக்கு இருப்பு, கடன் வாங்கியவர்களின் விபரம் ஆகிய எல்லாவற்றையும் 'மேகத்தில்' வைத்துவிடும்படி கணக்காளர் சொல்கிறாராம். மாதாமாதம் ஒரு சிறு தொகை கட்டினால் போதும், மற்றவற்றை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். "அண்ணை, எங்கடை கணக்குக் கொப்பியை ஆரோ ஒருத்தர்ரை வீட்டிலை கொண்டுபோய் வைக்கிற மாதிரிக் கிடக்கு. நம்பலாமோ?" என்பது அவருடைய கேள்வி.

நான் கணினி அறிஞன் அல்லன். ஈய எழுத்துக்களைக் கோத்துப் பத்திரிகை அச்சடித்த காலத்தில் தொழிலுக்கு வந்தவன். ஆனால் ஆவணங்கள் எவ்வாறு பிழைக்கின்றன, எவ்வாறு அழிகின்றன என்பதைப் பல ஆண்டுகளாகச் செய்தியாக எழுதி வந்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். வாசகரின் கேள்வி புதியதன்று. நம்முடைய உடைமைகளின் விபரத்தை வேறொருவர் தம்முடைய களஞ்சியத்தில் வைத்திருக்கும் பழக்கத்துக்கு யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ நானூறு ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால் மேகத்தின் நன்மையும் தீமையும் தாமாகவே விளங்கும்.

முதலில் 'மேகம்' என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். வானத்தில் எதுவும் இல்லை. எங்கோ ஓர் ஊரில், குளிரூட்டப்பட்ட பெரிய கட்டடத்தில், ஆயிரக்கணக்கான கணினிகள் அடுக்கடுக்காக இயங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒரு மூலையை நாம் வாடகைக்கு எடுக்கிறோம். நமது கணக்கும் கடிதமும் படமும் அங்கே இருக்கும். நாம் இணையத்தின் வழியாக அவற்றைப் பார்க்கிறோம், திருத்துகிறோம். தமிழில் இதை மேகக்கணிமை என்கிறார்கள். பெயர் கவித்துவமாக இருந்தாலும் இது அடிப்படையில் ஒரு வாடகைக் களஞ்சியமே.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1619 ஆம் ஆண்டு யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. நிலத்தைப் பிடித்தவுடன் எந்த ஆட்சிக்கும் தேவைப்படுவது நிலத்தின் கணக்கு. எந்தக் காணி யாருடையது, அதில் என்ன விளைகிறது, எவ்வளவு இறை வரும் என்பனவற்றை அவர்கள் பதிவேடுகளில் எழுதினார்கள். அந்தப் பதிவேட்டின் பெயர்தான் தோம்பு. அது போர்த்துக்கேயச் சொல். 1658 இல் அவர்களைத் துரத்திவிட்டு வந்த ஒல்லாந்தர், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும், காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம் என்றும், அனலைதீவுக்கு ரொட்டர்டாம் என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்களே தவிர, தோம்பு என்ற சொல்லை மாற்றவில்லை. அந்த வழக்கத்தை மேலும் விரிவாக்கினார்கள். நிலத்துக்கு ஒரு தோம்பு, ஆட்களுக்கு ஒரு தோம்பு என எழுதினார்கள்.

பயனாளரின் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். பயனாளர் என்பவர் இங்கே சாதாரணக் குடியானவர். அவருடைய காணியின் விபரம் அவருக்குத் தெரியாத மொழியில், அவர் நுழைய முடியாத கோட்டைக்குள், அவரிடம் வரி வாங்குபவருக்காக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்கவோ திருத்தவோ அவருக்கு எளிதான வழி எதுவும் இல்லை. பதிவேடு அவரைப் பற்றியது, ஆனால் அவருடையதன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேகத்தைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும்.

அதே வேளையில் நியாயமாக மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆட்சியாளர்களுக்கு ஆவணத்தைக் காக்கத் தெரிந்திருந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி அரசாங்கம் அன்று, 1602 இல் தொடங்கிய ஒரு வர்த்தக நிறுவனம். அது தன்னுடைய முக்கியமான கடிதங்களுக்குப் பல படிகள் எடுத்தது. ஒரு படி பத்தேவியாவுக்குப் போகும். ஒரு படி தாய்நாட்டுக்குப் போகும். கப்பல் மூழ்கலாம் என்பதால் ஒரே கடிதத்தின் படிகளை வெவ்வேறு கப்பல்களில் அனுப்பும் வழக்கமும் இருந்தது. கம்பனி 1799 இன் இறுதியில் கலைந்தது. அதன் ஆவணங்களோ இன்றும் ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப் டவுன் ஆகிய நகரங்களின் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. 2003 இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. கம்பனி போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கணக்கு இருக்கிறது.

போர்த்துக்கேயரின் தலைநகரில் நடந்ததும் கேட்கத் தக்கது. லிஸ்பன் நகரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயரே 'தோம்புக் கோபுரம்' என்பதுதான். 1755 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் நாள் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தில் அந்தக் கோபுரம் இடிந்தது. அப்போது காப்பகத்துக்குப் பொறுப்பாக இருந்த மனுவேல் ட மாயா என்ற முதிய பொறியியலாளர் இடிபாடுகளிலிருந்து ஏடுகளை மீட்கச் செய்தார். கட்டடம் எவ்வளவு உறுதியானதானாலும் இடியும் என்பதும், பொறுப்பான ஒரு மனிதர் இருந்தால் மட்டுமே ஏடு பிழைக்கும் என்பதும் அந்தச் சம்பவம் சொல்லும் பாடங்கள்.

இந்த இடத்தில் நம்முடைய காணி உறுதியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணத்தவரைப் பொறுத்தவரை உறுதி என்பது வெறும் காகிதமன்று. ஓலையில் எழுதிய காலத்திலிருந்தே அது பெட்டகத்தின் அடியில், நகையோடு நகையாக இருந்து வந்தது. பிரித்தானியர் காலத்தில் நொத்தாரிசு முறை சட்டமாக ஒழுங்குபடுத்தப்பட்டது. 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசு கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாட்டைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். ஓர் உறுதி எழுதப்படும்போது மூலப்படி காணிக்காரரிடம் போகிறது. இரண்டாம் படி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. மூன்றாவது படியை நொத்தாரிசு தம்முடைய கோவையில் வைத்துக்கொள்கிறார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று கைகளில், மூன்று இடங்களில், மூன்று படிகள். தோம்பு முறையில் இல்லாத ஒன்று இங்கே வந்துவிட்டது. உடையவரின் கையிலும் ஒரு படி.

இதன் பெறுமதி போர்க்காலத்தில் தெரிந்தது. 1990 களில் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே ஓரிரவில் வெளியேறியது. கையில் எடுத்த பொருட்களில் உறுதிக் கட்டு முதலிடம் பெற்றது. அப்படியும் தொலைத்தவர்கள் பலர். பெட்டகம் எரிந்தவர்கள் பதிவகத்தில் இருந்த படியைக் கொண்டு காணியை நிறுவினார்கள். பதிவகப் படி கிடைக்காதவர்கள் நொத்தாரிசின் கோவையைத் தேடிப் போனார்கள். மூன்றும் கெட்டுப்போனவர்களின் கதைதான் இன்றும் பிரதேச செயலகங்களில் வழக்காகவும் மனுவாகவும் அலைந்துகொண்டிருக்கிறது.

ஒரே இடத்தில் வைப்பதால் வரும் நாசத்துக்கு உதாரணம் தேடி நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது. எரிந்தவற்றுள் வேறெங்கும் படி இருந்த நூல்களைப் பின்னர் தேடிச் சேர்க்க முடிந்தது. படி இல்லாத ஏடுகள் போனவை போனவைதான். மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை இன்றும் நம் கையில் இருப்பதற்குக் காரணம், அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அச்சேறிப் பல வீடுகளுக்கும் பல நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்ததுதான். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்துக்கும், 2005 இல் ஈழத்து நூல்களுக்கென்று தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டத்துக்கும் பின்னால் இருந்த உணர்வு இதுவே. ஒரு தீக்குச்சியால் அழிக்க முடியாத இடத்தில் நம் எழுத்து இருக்க வேண்டும்.

ஆகவே தொலைவில் உள்ள களஞ்சியத்தை நான் இகழ மாட்டேன். அது நம்மில் பலருக்கு உயிர் காத்த ஏற்பாடு.

வர்த்தக உலகில் இந்தக் களஞ்சியம் உருவான கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1961 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவன நூற்றாண்டு விழாவில் பேசிய ஜோன் மெக்கார்த்தி என்ற கணினி அறிஞர், தொலைபேசியைப் போலக் கணினி ஆற்றலும் ஒரு பொதுச் சேவையாக விற்கப்படும் நாள் வரலாம் என்றார். அந்த நாள் வர நீண்ட காலம் எடுத்தது. 1999 இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் வர்த்தக மென்பொருளை இணையத்தின் வழியாக வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியது. 2006 மார்ச்சில் அமேசன் நிறுவனம் தன்னுடைய சேமிப்பிடத்தை எவருக்கும் விலைக்கு விட்டது. பின்னர் கூகுளும் மைக்ரோசொப்டும் வந்தன.

இந்த வரிசையில் தமிழர் பெருமை கொள்ளும் பெயர் ஒன்றும் உண்டு. 1996 இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009 இல் ஸோஹோ எனப் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம். ஸ்ரீதர் வேம்பு தலைமையில் வளர்ந்த இந்நிறுவனம் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்ற கிராமத்தில் அலுவலகம் வைத்து, அங்கிருந்தே உலகச் சந்தைக்கு மென்பொருள் செய்கிறது. கணக்குப் பதிவு, மின்னஞ்சல், வாடிக்கையாளர் விபரம் எனச் சிறு வியாபாரிக்கு வேண்டிய எல்லாம் அதனிடம் உண்டு.

சிறு வியாபாரிக்கு இதனால் என்ன இலாபம்? முன்னர் ஒரு நடுத்தரக் கடை கூடத் தனக்கென்று சேவர் வாங்க வேண்டும். அதற்கு ஓர் அறை, குளிரூட்டி, மின்தடைக்கு மின்கலம், பழுதுபார்க்க ஒருவர் என்று செலவு தொடரும். கடையில் தீப்பிடித்தால் கணக்கும் சேர்ந்து போகும். இப்போது மாத வாடகையோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. 2020 இல் கொரோனாத் தொற்றால் உலகம் வீட்டுக்குள் அடைபட்டபோது, மேகத்தில் கணக்கு வைத்திருந்த நிறுவனங்கள் மறுநாளே வீட்டிலிருந்து வேலையைத் தொடர்ந்தன. அலுவலக அலுமாரிக்குள் கணக்கு வைத்திருந்தவர்கள் ஊரடங்கு தளரும் வரை காத்திருந்தார்கள்.

மேகத்தை விற்பவர்கள் எப்போதும் மின்சாரத்தை உவமையாகச் சொல்வார்கள். ஒரு காலத்தில் ஒவ்வொரு தொழிற்சாலையும் தனக்கென்று மின்பிறப்பாக்கி வைத்திருந்தது, பின்னர் எல்லோரும் பொதுக் கம்பியிலிருந்து வாங்கத் தொடங்கினார்கள், கணினியும் அப்படித்தான் என்பார்கள். நல்ல உவமை. அதை எழுவைதீவுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்போம்.

எழுவைதீவு ஊர்காவற்துறையிலிருந்து படகில் போக வேண்டிய சிறு தீவு. பாலம் இல்லை. தரையிலிருந்து வரும் தேசிய மின்கம்பி அத்தீவைத் தொடவில்லை. நெடுங்காலம் டீசல் இயந்திரத்தை நம்பியே அங்கே விளக்கெரிந்தது. டீசலும் படகில்தான் வர வேண்டும். 2010 களில் இலங்கை மின்சார சபை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு, அங்கே ஒரு கலப்பு மின் நிலையத்தை அமைத்தது. சூரியத் தகடுகள், காற்றாடிகள், மின்கலத் தொகுதி, இவற்றுக்கெல்லாம் துணையாக டீசல் இயந்திரம். பகலில் சூரியன். சோளகமோ வாடையோ வீசும்போது காற்று. இரண்டும் இல்லாத வேளைக்குச் சேமித்த மின்சாரம். அதுவும் தீர்ந்தால் டீசல். எந்த ஒன்றையும் முழுமையாக நம்பாமல் எல்லாவற்றையும் பயன்படுத்தும் ஏற்பாடு இது.

அயல் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் இத்தகைய நிலையங்கள் அமைக்கும் திட்டம் பட்ட பாட்டையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2021 ஜனவரியில் அது சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. தன் கரைக்கு இத்தனை அருகில் சீனா வருவதை இந்தியா விரும்பவில்லை. அவ்வாண்டு இறுதியில் வேலை நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையில் அதைச் செய்வதென ஒப்பந்தமாயிற்று. மின்கலப் பெட்டி யாருடையது என்பதில் இரண்டு வல்லரசுகள் முட்டிக்கொண்டன. விளக்கு வேண்டியிருந்த தீவுமக்களிடம் எவரும் கேட்கவில்லை. களஞ்சியம் யாருடையது என்ற கேள்வி ஒருபோதும் வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக இருப்பதில்லை என்பதற்கு இதைவிட அருகில் சான்று இல்லை.

மின்சார உவமையில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. மின்சாரத்தில் ஒரு அலகு போனால் இன்னொரு அலகு அதே வேலையைச் செய்யும். நேற்றைய மின்சாரம் இன்று தேவையில்லை. கணக்கு அப்படியன்று. கடன் கொடுத்த கொப்பி தொலைந்தால் உலகத்தில் உள்ள வேறெந்தக் கொப்பியும் அதற்கு ஈடாகாது. மேகத்தின் பலவீனங்கள் எல்லாம் இந்த ஒரு புள்ளியிலிருந்தே தொடங்குகின்றன. அண்மைக் காலத்தில் பயனாளர்கள் பட்ட அனுபவங்கள் சிலவற்றை ஆண்டுவாரியாகப் பார்ப்போம்.

2018 செப்டம்பரில் ஸோஹோவின் இணைய முகவரியை, அதைப் பதிவு செய்து வைத்திருந்த அமெரிக்க நிறுவனம் திடீரென முடக்கியது. ஸோஹோ மின்னஞ்சலைப் பயன்படுத்தி மோசடிக் கடிதங்கள் அனுப்பப்படுகின்றன என்ற முறைப்பாடே காரணம். உலகெங்கும் கோடிக்கணக்கான பயனாளரைக் கொண்ட சேவை சில மணிநேரம் எட்டாக்கனியானது. ஸ்ரீதர் வேம்பு சமூக ஊடகத்தில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியிருந்தது. தரவு ஒன்றும் அழியவில்லை. களஞ்சியத்தில் நெல் பத்திரமாக இருந்தது. களஞ்சியத்துக்குப் போகும் ஒழுங்கையை வேறொருவர் அடைத்துவிட்டார், அவ்வளவுதான்.

2021 இல் இலங்கையின் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபையின் பெருந்தொகைத் தரவுகள் அரசாங்க மேகக்கணினியிலிருந்து அழிந்துபோன செய்தி வெளிவந்தது. மருந்துப் பதிவுகள் தொடர்பான தரவுகள் அவை. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கியது. அதிலிருந்து பாடம் கற்றார்களா என்றால், 2023 ஆகஸ்ட் 26 ஆம் நாள் அதே அரசாங்க மேகக்கணினி கப்பம் கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டது. அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாமல் போயின. அந்தக் காலப்பகுதிக்குத் தனியே எடுத்து வைக்கப்பட்ட படி இல்லை. இருந்த படியும் அதே வலையமைப்பில் இணைந்திருந்ததால் அதுவும் பூட்டப்பட்டுவிட்டது. பத்தாண்டு பழைமையான மென்பொருளைப் புதுப்பிக்காமல் விட்டிருந்ததும் பின்னர் வெளியாயிற்று. பெட்டகத்தின் திறப்பையும் மறுதிறப்பையும் ஒரே ஆணியில் மாட்டி வைத்த கதை இது.

இலங்கை வறிய நாடு, அதனால்தான் இப்படி என்று யாரும் சொல்ல வேண்டாம். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜோன் நகரில் உள்ள அரசாங்கத் தரவு நிலையத்தில் மின்கலம் தீப்பற்றியது. அரசாங்க ஊழியர்கள் தங்கள் கோப்புகளை வைக்கும்படி பணிக்கப்பட்டிருந்த மேகச் சேமிப்பகம் முழுவதும் எரிந்தது. அளவு 858 டெராபைட். அளவு மிகப் பெரிது என்பதால் வெளியே படி எடுக்கவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். உலகிலேயே வேகமான இணையம் உள்ள நாடுகளில் ஒன்று, 1981 இல் நாம் கண்ட அதே காட்சியை வேறு வடிவில் கண்டது. நம்முடையது மூட்டப்பட்ட தீ, அவர்களுடையது விபத்து. ஒரே இடத்தில் ஒரே படி என்ற நிலை மட்டும் இரண்டுக்கும் பொது.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. 2024 மே மாதத்தில் அவுஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்தின் முழு மேகக் கணக்கும் கூகுள் நிறுவனத்தின் உள்ளமைப்புத் தவறொன்றால் அழிந்தது. இரண்டு இடங்களில் இருந்த படிகளும் ஒன்றாகவே போயின, ஏனெனில் இரண்டும் ஒரே கணக்கின் கீழ் இருந்தன. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். ஆயினும் அந்த நிதியம் வேறொரு நிறுவனத்திடமும் ஒரு படி வைத்திருந்தது. அதைக் கொண்டு எல்லாம் மீட்கப்பட்டது. ஒல்லாந்தக் கம்பனி செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். ஒரே கடிதம், இரண்டு கப்பல்.

நான்காவது வகை ஆபத்து அரசியல் சார்ந்தது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்ய நிறுவனம் ஒன்றுக்கு ஏறத்தாழப் பாதிப் பங்குள்ள இந்தியாவின் நயாரா எனர்ஜி மீது தடை விதித்தது. அதைத் தொடர்ந்து மைக்ரோசொப்ட் அந்த நிறுவனத்துக்கான சேவைகளை நிறுத்தியது. பணம் கட்டியிருந்தும், ஊழியர்கள் தங்கள் சொந்த மின்னஞ்சலையே பார்க்க முடியவில்லை. குஜராத்தில் உள்ள ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் உரிமையாளர் தன் கடிதங்களைப் பார்ப்பதற்காக டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. சில நாட்களில் சேவை மீண்டது. ஆனால் வாடகைக் களஞ்சியத்தின் சாவி யார் கையில் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதன் பின்னர், அவ்வாண்டின் பிற்பகுதியில், இந்திய மத்திய அரசு ஸோஹோவின் பக்கம் திரும்பியது. கல்வி அமைச்சு தன் அலுவலர்களை ஸோஹோவின் அலுவலக மென்பொருளைப் பயன்படுத்தும்படி பணித்தது.

தமிழ்நாட்டு நிறுவனம் என்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் சொந்த நாட்டுக் களஞ்சியம் என்பதாலேயே அது பத்திரமாகிவிடாது. இலங்கையும் கொரியாவும் இழந்தவை அந்நியரின் கையில் இருந்தவை அல்ல, தத்தம் சொந்த மேகத்தில் இருந்தவை. சாவி நம் நாட்டில் இருப்பது ஒரு கேள்விக்கு விடை. படி எத்தனை இடத்தில் இருக்கிறது என்பது வேறொரு கேள்வி.

மூன்றாவது கேள்வியும் ஒன்று உண்டு. அதை என்னுடைய அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் என் கட்டுரைகளை இலவசத் தளம் ஒன்றில் சேர்த்து வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு நாள் அவர்கள் கடையை மூடப் போவதாக அறிவித்து, எடுத்துக்கொள்ளச் சில வாரங்கள் தந்தார்கள். எடுத்துக்கொண்டேன். ஆனால் அவை யுனிகோடு பரவுவதற்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் எழுத்து ஒன்றும் வராது, ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் குழம்பிக் கிடக்கும். கோப்பு முழுமையாக இருக்கிறது, ஆனால் வாசிக்க முடியாது. மாற்றும் கருவிகளைக் கொண்டு ஒவ்வொன்றாக யுனிகோடுக்குக் கொண்டுவரப் பல மாதங்கள் சென்றன. அந்தக் காலத்தில் எழுதிய தமிழர் அநேகருக்கு இந்த அனுபவம் உண்டு. 2009 அக்டோபரில் யாகூ தன் ஜியோசிட்டீஸ் தளத்தை மூடியபோதும், 2020 டிசம்பரில் யாகூ குழுமங்கள் அடியோடு நின்றபோதும், தமிழ் இணையத்தின் தொடக்க கால எழுத்தில் ஒரு பெரும் பகுதி அவற்றோடு போயிற்று. வர்த்தக மேகத்திலும் இதே இடர் இருக்கிறது. கணக்கை எடுத்துத் தருவார்கள், ஆனால் அவர்களுடைய மென்பொருள் இன்றி அதைத் திறக்க முடியாத வடிவில் தருவார்கள். நெல்லைத் திருப்பித் தந்துவிட்டுக் கொத்தைத் தங்களிடமே வைத்துக்கொள்வது போன்றது அது.

ஆகவே மேகத்தில் கணக்கு வைக்க விரும்பும் எவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பேன். முதலாவது, சாவி யாரிடம்? பணம் கட்டத் தவறினாலோ, பிணக்கு ஏற்பட்டாலோ, எத்தனை நாள் அவகாசத்தில், எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ்க் கணக்கு மூடப்படும்? இரண்டாவது, படி எங்கே? அதே நிறுவனத்தின் இன்னொரு கட்டடம் போதாது. வேறொரு கையிலும் இருக்க வேண்டும். மூன்றாவது, எந்த நேரத்திலும், எவருடைய அனுமதியும் இன்றி, சாதாரண மென்பொருளால் திறக்கக்கூடிய வடிவில் முழுவதையும் வெளியே எடுக்க முடியுமா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் சொல்லும் நிறுவனத்தோடு வியாபாரம் செய்யலாம். மழுப்புகிறவர்களிடம் மலிவு பார்த்துப் போகக் கூடாது.

நடைமுறையில் செய்யக்கூடியதும் பெரிய வித்தை அன்று. நொத்தாரிசு நூறாண்டுக்கு மேலாகச் செய்து வருவதுதான். அன்றாட வேலைக்கு மேகம் இருக்கட்டும். மாதம் ஒருமுறை முழுக் கணக்கையும் ஒரு வன்தட்டில் இறக்கிக் கடையில் அன்றி வீட்டில் வையுங்கள், வேலை முடிந்ததும் கணினியிலிருந்து கழற்றியும் விடுங்கள். இணைப்பில் இருக்கும் படி, தாக்குதல் வந்தால் மூலத்தோடு சேர்ந்தே போகும். மூன்றாவது படியை வேறொரு நிறுவனத்திடமோ, வேறொரு நாட்டில் உள்ள நம்பிக்கையான உறவினரிடமோ வையுங்கள். உலகெங்கும் பரந்திருக்கும் நமக்கு அதற்கா பஞ்சம்? ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தப் படியைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத படி, படியே அன்று.

காணி உறுதிகளை வைத்திருக்கும் தீவகத்து நண்பர்களுக்கும் இது பொருந்தும். அவற்றை இப்போது பலர் படமெடுத்து மேகத்தில் போட்டிருக்கிறார்கள். நல்லது, தொடருங்கள். ஆனால் அந்தப் படம் உறுதி ஆகிவிடாது. மூலத்தைப் பெட்டகத்திலிருந்து எறிந்துவிடாதீர்கள். பதிவகத்தில் உங்கள் பெயரில் பதிவு சரியாக இருக்கிறதா என்று ஊருக்குப் போகும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோர் காலமாகிப் பிள்ளைகள் நான்கு நாடுகளில் வாழும் குடும்பங்களில், எந்தக் கணக்கில் எந்தக் கடவுச்சொல்லில் அந்தப் படங்கள் இருக்கின்றன என்பதை ஒருவர் மட்டும் அறிந்திருப்பது ஆபத்து. பெட்டகத்தின் திறப்பு எங்கே இருக்கிறது என்பதை நம் அம்மாக்கள் யாரோ ஒரு பிள்ளைக்காவது சொல்லித்தான் வைத்தார்கள்.

எழுவைதீவின் மின் நிலையத்தைத் திட்டமிட்டவர்கள் சூரியனை அவமதித்து டீசலை வைக்கவில்லை. மேகம் மூடும் நாளும் உண்டு என்று அறிந்து வைத்தார்கள். கணினி மேகத்தை நம்பி வியாபாரம் செய்கிறவர்களுக்கும் அந்த அறிவு போதும்.